வேலை வாசல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டர்பனில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கின் நிதி மையமான சாண்டனில் முதலீட்டு வங்கியில் சேர ஆசை. அப்பாவோ, "முதலில் சி.ஏ. முடி, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ" என்கிறார். உள்ளே என்னென்ன பிரிவுகள்? எதில் சேரலாம்?
— மெரிபாங்க் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முதலீட்டு வங்கி என்று இருக்கிறது, ஒரு குழுவின் பெயர்கூட இல்லை. ஒரே லிஃப்டில் ஏறுகிற இரண்டு பேர் சம்பந்தமே இல்லாத வேலை பார்ப்பார்கள். ரேண்டும் டாலரும் வாங்கி விற்பவர்கள் மார்க்கெட்ஸ் பிரிவு. நீங்கள் கேட்பது அது அல்ல. கம்பெனிகளுக்குப் பணம் திரட்டித் தருவது, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஆலோசனை சொல்வது, இதுதான் நீங்கள் தேடும் இடம். இங்கே பலர் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்பார்கள்.

அதற்குள் சில குழுக்கள் துறைவாரியாகப் பிரிந்திருக்கும்: சுரங்கம், சில்லறை வணிகம், டெலிகாம் என்று. இவர்களுக்குக் கவரேஜ் என்று பெயர். வாடிக்கையாளர் கம்பெனிகளின் முதலாளிகளோடு உறவு வைத்திருப்பது இவர்கள்தான். மற்ற குழுக்கள் வேலைவாரியாக: கம்பெனி வாங்கல்–இணைப்பு, பங்கு வெளியீடு, கடன் பத்திரம், திட்டக் கடன் (ஒரு திட்டத்துக்குக் கொடுத்து, அதன் வருமானத்திலிருந்தே திரும்பப் பெறும் கடன்). ஒரு சுரங்கக் கம்பெனி இன்னொன்றின் மேல் கண் வைத்தால், சேதி முதலில் கவரேஜ் ஆளுக்கு வரும். விலை போடுவது இணைப்புக் குழு. பணம் போதாவிட்டால் கடன் குழுவைக் கூப்பிடுவார்கள். வாக்குரிமையில் 35 சதவீதத்தை எட்டிவிட்டால் மீதிப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வந்தாக வேண்டும், அது நம் தென்னாப்பிரிக்கக் கம்பெனிச் சட்டம். இது போதாதென்று, கம்பெனி இணைப்புகளை ஆராயும் போட்டி ஆணையம் வேலைவாய்ப்பைப் பற்றியும் கேட்கும். 2016-ல் ஏபி இன்பெவ் என்ற பியர் கம்பெனி, எஸ்ஏபி மில்லர் என்ற இன்னொரு பியர் கம்பெனியை வாங்கியபோது இங்கே 100 கோடி ரேண்ட் நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டுதான் அனுமதி வாங்கியது. லண்டனிலிருந்து வரும் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதே ஒரு தனி வேலை.

என்னைக் கேட்டால் திட்டக் கடன் குழுவைப் பாருங்கள். நான் அங்கேதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். ஆனால் ஜோபர்க் பங்குச் சந்தையில் பட்டியலில் உள்ள கம்பெனிகள் வருடக்கணக்காகக் குறைந்துகொண்டே வருகின்றன. புதிய பங்கு வெளியீடு அபூர்வம். 2011-ல் அரசு தனியாரிடமிருந்து சூரிய, காற்று மின்சாரம் வாங்க ஆரம்பித்த பிறகு, வடக்கு கேப் மாகாணத்தில் எழுந்த மின்பண்ணைகளுக்குப் பெரும்பாலும் உள்ளூர் வங்கிகள்தான் கடன் கொடுத்தன. வேலை கற்க அது நல்ல பட்டறை.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். நியூயார்க்கில் டிகிரி முடித்த கையோடு, வங்கியில் முதல் படியான அனலிஸ்ட் ஆகிவிடுவார்கள். இங்கே கார்ப்பரேட் ஃபைனான்ஸ் மேசைகளில் சி.ஏ.க்கள்தான் அதிகம். சி.ஏ.வுக்கான மூன்று வருட வேலைப் பயிற்சியை (ஆர்ட்டிகிள்ஸ்) ஆடிட் கம்பெனியில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. சில வங்கிகளே அந்தப் பயிற்சி தருகின்றன. அப்பாவுக்கும் திருப்தி, உங்களுக்கும் சாண்டன்.

கேள்வி: என் அக்கா மகன் முப்பது வயதில் லண்டன் வங்கியில் வைஸ் பிரசிடென்ட் ஆகிவிட்டானாம். வங்கியில் அவன் இரண்டாவது ஆளா?
— லெனேசியா வாசகர்

பதில்: இல்லை ஐயா. அனலிஸ்ட், அசோசியேட், அதற்கு அடுத்த படி வைஸ் பிரசிடென்ட். அவனுக்கு மேலே டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் எல்லாம் உண்டு. பெரிய வங்கியில் வைஸ் பிரசிடென்ட்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனாலும் நல்ல முன்னேற்றம்தான், அக்காவிடம் இதைக் காட்ட வேண்டாம்.

கேள்வி: மகள் ஜோபர்க்கில் இணைப்புக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். நள்ளிரவுக்கு முன் வீடு திரும்புவதில்லை. அப்படி என்ன வேலை? தைப்பூசக் காவடிக்காவது வருவாளா?
— சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: அம்மா, பாதி நேரம் காத்திருப்புதான். பகலெல்லாம் பெரியவர்கள் மீட்டிங்கில். மாலை ஆறு மணிக்கு சிவப்புப் பேனாவால் திருத்திய பக்கங்கள் மேசைக்கு வரும், காலை எட்டு மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் அச்சிட்டு இருக்க வேண்டும். திருத்துவது பெரும்பாலும் சில்லறைச் சங்கதிகள். ஒன்று சொல்கிறேன். நம் நாட்டுக் கணினிகளில் தசமத்துக்குக் கமா, லண்டன்காரர்களுக்குப் புள்ளி. அங்கிருந்து ஒட்டிய 7.5 இங்கே எக்செல்லில் எண்ணாகவே சேராது, வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். மொத்தக் கூட்டல் அதைச் சேர்க்காமலே போய்விடும், எச்சரிக்கையும் வராது. அதனால் கடைசிப் பக்கம் வரை ஒவ்வோர் எண்ணையும் கையால் ஒத்துப்பார்க்க வேண்டும். உங்கள் மகள் இரவு பதினோரு மணிக்குச் செய்வது அநேகமாக இதுதான். மேலே போகப் போக இது குறையும், அதற்குப் பதிலாக விமானப் பயணம் கூடும்.

தைப்பூசத்துக்கு வரலாம். டிசம்பர் நடுவிலிருந்து நாடே கடையை மூடிவிடும், ஜனவரியில் டீல்கள் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும். பொது விடுமுறை இல்லாததால் லீவு எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் நவம்பரிலேயே. விரதம் இருக்கும் நாட்களில் டீம் டின்னருக்கு வர முடியாது என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடச் சொல்லுங்கள்.