சொந்த வாகனம் இல்லாமல் உதகை, குன்னூர், கோத்தகிரியைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

பூங்காவையும் படகு இல்லத்தையும் முன்பே பார்த்துவிட்டதாகவும், இம்முறை நகரங்களையும் அங்கு வாழ்பவர்களின் அன்றாடத்தையும் பார்க்க விரும்புவதாகவும் சொல்லி, காரில்லாமல் அது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கும். குன்னூரில் குடியிருந்து, வேலைக்காக உதகைக்குப் பேருந்தில் போய்வருபவன் என்ற முறையில் ஒரு படி மேலே சென்றே சொல்வேன்: நீங்கள் பார்க்க விரும்புவதைக் காரில் வந்தால் பார்க்கவே முடியாது. சீசனில் காரில் வருபவர்களின் பொழுதில் பெரும்பகுதி சாலை நெரிசலிலும், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் கழிந்துவிடுகிறது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, மைதானம் ஆகியவற்றை நடக்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள் இவை. பயணியாக வருபவருக்கே இவை முழுமையாகத் திறக்கின்றன.

மலை ரயிலிலிருந்து தொடங்குங்கள். மேட்டுப்பாளையத்திலேயே ஏற முடிந்தால் நல்லது. ஆனால் அதற்கான முன்பதிவு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். குன்னூர் வரையிலான பாதை 1899-இலும், அங்கிருந்து உதகை வரையிலான பாதை 1908-இலும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் வருகின்றன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டு அடி முன்னே போனால் ஏறத்தாழ ஓரடி மேலே ஏறும் அளவுக்குச் சரிவு கடுமையானது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை அமைந்திருப்பதால், என்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிகளின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் பாதையைப் பார்த்துப் பின்னாலுள்ள ஓட்டுநருக்குச் சைகை காட்டுவார்கள். பயணிகளின் கண் பள்ளத்தாக்கின் மேலேயே இருப்பதால் இந்த மனிதர்களை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள், பிரேக் பிடிக்கும் கைப்பிடியை அவர்கள் சுழற்றும் விதத்திலேயே எவ்வளவு பழக்கம் தேவைப்படும் வேலை அது என்பது புரியும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட பகுதிதான். இங்கே பல்பட்டை இல்லை, டீசல் என்ஜின் இழுக்கிறது. அதனால் இதைச் சிலர் குறைவாக மதிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சிறு நிலையங்களில் நின்று நின்று போகும் இந்தப் பாதையில்தான் மலையின் குடியிருப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோஸும் விளையும் படிக்கட்டு வயல்களும், சரிவில் வரிசையாக நிற்கும், படுகர் சமூகத்தின் ஊர்களான ஹட்டிகளின் வீடுகளும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இடம் அது. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது மலை ரயில் பாதை முழுவதையும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதகையில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்காமல் நடங்கள். நிலையத்துக்கு அருகிலேயே மத்திய பேருந்து நிலையமும், முன்பு குதிரைப் பந்தயம் நடந்த மைதானமும் இருக்கின்றன. அங்கிருந்து நகராட்சிச் சந்தையைக் கடந்து, கமர்சியல் சாலை வழியாகச் சேரிங் கிராஸ் வரை நிதானமாக நடந்தால் ஊரின் உட்பகுதி பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சேரிங் கிராஸில் வாகனங்கள் சுற்றிவரும் நடுத்திட்டில் நிற்பது ஆடம் நீரூற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்து 1881-இல் இவ்வூரிலேயே இறந்த வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவாக எழுப்பப்பட்டது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சாலையைக் கடக்கும் அவசரத்தில் அது வெறும் ரவுண்டானாவாகத் தெரியும். எதிர்ப்புற நடைபாதையில் சில நிமிடம் நின்று பார்த்தால், அடுக்கடுக்காக உயரும் அதன் வேலைப்பாடு பிடிபடும்.

பொதுவெளிக் கலை என்றால் சிலைகளை மட்டும் நினைக்கிறோம். சிலைகளும் இங்கே உண்டு. குன்னூர் – உதகைச் சாலையில் வெலிங்டன் அருகே பேருந்தின் சன்னல் வழியாகவே முன்னாள் ராணுவத் தளபதி ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் சிலையைப் பார்க்கலாம். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008-இல் வெலிங்டனில் மறைந்தவர் அவர். உதகையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதால் அந்தச் சிலைக்கு இந்த மண்ணோடு உண்மையான உறவு இருக்கிறது. ஆனால் நீலகிரியின் தனித்த பொதுக்கலை என்று நான் கருதுவது மே மாதத்தில் பூவாலும் பழத்தாலும் காய்கறியாலும் செய்யப்படும் உருவங்களைத்தான். 1848-இல் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக்காட்சி என்று இவை நடக்கும். பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, நாற்று மாற்றி, காட்சி நாளில் மலரும்படி தொட்டிகளை வளர்த்தெடுப்பவர்கள் பூங்காத் தொழிலாளர்கள். மழையும் பனியும் கணக்கைக் குலைக்கும் மலையில் அது எளிய காரியமன்று. கார்னேசன் பூக்களை ஒவ்வொன்றாகச் செருகி உருவாக்கும் கோபுரமும் யானையும் சில நாட்களில் வாடி அகற்றப்பட்டுவிடும். அவற்றைச் செய்தவர்களின் பெயர்களை ஒரு பலகையிலாவது எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்திடுகிறார். இவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

உதகை தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு, அதாவது மந்து ஒன்று இருக்கிறது. பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரையும், முகப்பில் எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன் வடிவங்களும் கொண்ட கோயில் அவர்களுடையது. இது காட்சிப் பொருளன்று, இன்றும் வழிபாடு நடக்கும் இடம். அனுமதி கேட்டு, விலகி நின்று பார்ப்பதே முறை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் நூலெண்ணித் தைக்கும் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குவதாக இருந்தால், தைத்தவரிடமோ அவர்களுக்கு நேரடியாகப் பணம் சேரும் கடையிலோ வாங்குங்கள். இயந்திரத்தில் தைத்த போலிகள் மலிவாகக் கிடைக்கின்றன.

விளையாட்டைப் பற்றிப் பேசும்போதும் தோடர்களிடமிருந்தே தொடங்கலாம். ஆண்டின் முடிவிலோ தொடக்கத்திலோ உதகை அருகே முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும். கூம்பு வடிவ மூன்போ கோயிலில் வழிபாடு முடிந்த பின், வட்டமாகக் கைகோத்து ஆடிப் பாடுவார்கள். இளைஞர்கள் வழவழப்பான உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் போட முயல்வார்கள். சமவெளிக் கிராமங்களின் இளவட்டக்கல்லை நினைவூட்டும் வழக்கம் இது. இதே ஊரின் உதகை கிளப்பில்தான் ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் எழுதி மாட்டப்பட்டன. ஜபல்பூரில் அந்த ஆட்டத்தை உருவாக்கிய நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (அதே பெயருள்ள பிரிட்டிஷ் பிரதமர் வேறொருவர்) பின்பு இங்கே வந்திருந்தார். கிளப் உறுப்பினர்களுக்கு மட்டுமானது என்பதால் உள்ளே போக முடியாது.

மக்களின் ஆட்டம் கால்பந்துதான். கோத்தகிரி காந்தி மைதானத்தில் போட்டி நடக்கும் மாலைகளில் சுற்றுவட்ட ஹட்டிகளிலிருந்து ஆண்கள் வந்து மேட்டில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். வயதானவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். பந்து நல்ல நகர்வில் இருக்கும் நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி மைதானத்தை மூடுவதுண்டு. நடுவர் விசில் ஊதி நிறுத்துவார். வீரர்கள் நின்ற இடத்திலேயே காத்திருப்பார்கள், பார்வையாளர்களும் எழுந்து போகமாட்டார்கள். வெளியூர் அணிகளுக்குக் கடினமானது இந்த மூடுபனியைவிட உயரம். முதல் பாதி முடிவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். நுழைவுச் சீட்டு, முன்பதிவு எதுவும் இல்லாமல் இந்த மலையின் மக்களோடு ஒரு மாலையைக் கழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உதகையிலிருந்து கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரிக்கும், அங்கிருந்து குன்னூருக்கும் அரசுப் பேருந்துகள் தொடர்ந்து ஓடுகின்றன. ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அவர் இறக்கத்தை எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். ஏறும்போது எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்குவார். பிரேக்கை இடையிடையே மட்டும் தொடுவார். வளைவில் மேலேறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார். சமவெளியிலிருந்து வரும் பலர் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிப் பிரேக் சூடேறி விபத்தில் சிக்குகிறார்கள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன.

காரைத் தவிர்க்க இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீசனில் உதகையின் முக்கிய இடங்களை இணைக்கும் சுற்றுப் பேருந்துகளையும் விடுகிறார்கள்.

திரும்பும்போது குன்னூருக்கு வர வேண்டியதில்லை. கோத்தகிரியிலிருந்தே மேட்டுப்பாளையத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு, 33 கிலோமீட்டர். சென்னைக்குப் போகிறவர் என்றால் மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி விரைவு ரயிலைப் பிடிக்கலாம். கால்பந்து ஆட்டத்தின் இறுதி விசில் வரை இருந்துவிடாமல், மழைக்காலத்தில் மண்சரிவால் தாமதமாகக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் கோத்தகிரிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.