"எங்க ஊரில் யாரும் நிறம் பார்க்க மாட்டார்கள்" என்று கணவர் சொன்னால்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம், சிகாகோவில் இருக்கிறீர்கள், கணவர் வெள்ளைக்காரர். மாமனாருக்கு உடம்பு முடியவில்லை. அதனால் அயோவாவில் தான் பிறந்து வளர்ந்த ஊருக்கே போய்விடலாம் என்கிறார். மொத்தமே மூவாயிரம் பேர் உள்ள ஊர். "எங்க ஊரில் யாரும் நிறம் பார்க்க மாட்டார்கள்" என்று அவர் சொல்வதை நம்பலாமா, இந்தத் தொல்லையெல்லாம் தெற்கு மாநிலங்களில்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இப்படி அயோவாவின் ஒரு சின்ன ஊருக்கு மருமகளாக வந்தவள்தான். 2008 செப்டம்பரில் வந்தேன். இங்கே வாழ முடியும். பெரும்பாலான நாட்கள் நான் நன்றாகவே வாழ்கிறேன். ஆனால் உங்கள் கணவர் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் அவரை யாரும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் மளிகைக் கடை வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். ஒரே வண்டியிலிருந்து சாமானை எடுத்து பெல்ட்டில் வைக்கிறோம். பால், ரொட்டி, முட்டை, அதற்குப் பின்னால் என் கொத்தமல்லிக் கட்டு. கல்லாவில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். அடுத்தவர் சாமானைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்குமே, அதை எடுத்து முட்டைக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் வைத்தார். கணவர் சிரித்துக்கொண்டே "எல்லாம் ஒன்றுதான்" என்றார். கட்டையை எடுத்துவிட்டார்கள். காரில் ஏறியதும் நான் சொன்னேன். "பழக்கத்தில் வைத்திருப்பாள், எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார் அவர்.

மூன்று மாதத்தில் நான்கு முறை இது நடந்தது. உணவகத்துக்குப் போனால் "பில் ஒன்றா, தனித்தனியா?" என்று கேட்பார்கள், பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதியிடம் கேட்க மாட்டார்கள். நான்காவது முறை எங்களுக்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். அவர்கள் சாமான் பெல்ட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. கட்டை வரவில்லை. எங்கள் முறை வந்ததும் கட்டையும் வந்தது. அன்றைக்குக் கணவர் சாவியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். "நீ முதல் தடவை சொன்னபோது நான் நம்பவில்லை, இல்லையா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கணக்கில் நாங்கள் இந்த ஊருக்குச் சேர்ந்து குடிவந்தது அன்றைக்குத்தான்.

அதே கல்லா அம்மாள்தான் என் மகள் பிறந்தபோது கையால் பின்னிய குல்லாய் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க நான் முயல்வதில்லை, நீங்களும் முயல வேண்டாம்.

தெற்கு, வடக்கு பற்றிக் கேட்டீர்கள். வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற தடையை அயோவா 1851-லேயே எடுத்துவிட்டது. தெற்கில் அது 1967 வரை நீடித்தது. அதை உடைத்த வழக்கே ஒரு சின்ன ஊர்த் தம்பதியுடையது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வர்ஜீனியாவில் சென்ட்ரல் பாயின்ட் என்ற கிராமத்துப் பக்கம் ரிச்சர்ட் லவ்விங் என்ற வெள்ளைக்காரர், அவர் மனைவி மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண் என்று இருவர். 1958 ஜூலையில் நள்ளிரவு ஷெரிஃப் படுக்கையறைக்குள் வந்து கைது செய்தார். ஒரு வருடச் சிறை. 25 வருடத்துக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் சிறை இல்லை என்றார் நீதிபதி. வாஷிங்டனுக்குப் போனார்கள். மில்ட்ரெட்டுக்கு நகரம் ஒத்துவரவில்லை, சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் 1963-ல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஊருக்கே திரும்பிப் போய் வீடு கட்டினார்கள். நம்மைப் போன்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த அம்மாள் செய்து கொடுத்தது அது.

ஆனாலும் தெற்கில் உள்ள அலபாமா தன் அரசியலமைப்பில் எழுதியிருந்த தடையை எடுத்தது 2000-ல்தான். அப்போதும் நூற்றுக்கு நாற்பது பேர் எடுக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். கேலப் கருத்துக்கணிப்பில் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்பவர்கள் 1958-ல் 4 சதவீதம், 2021-ல் 94 சதவீதம். பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குச் சம்மதம் சொல்பவர்தான் கல்லாவில் கட்டையையும் வைக்கிறார். வடக்கும் சுத்தம் இல்லை. அயோவா இருக்கும் மத்திய மேற்கில் பல சின்ன ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு கறுப்பர்கள் தங்கக் கூடாது என்ற நடைமுறை இருந்தது. சட்டப் புத்தகத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஊர்க்கட்டுப்பாடு அது. ஓர் ஊர் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது எப்போதும் தானாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, கணவரின் குடும்பம். நம் ஊரில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, இங்கேயும் அதே கதைதான். மாமனார் பெயரைச் சொன்னால் போதும், மெக்கானிக் அன்றைக்கே வண்டியைப் பார்ப்பார், வங்கியில் உட்காரச் சொல்வார்கள். மண் ரோட்டில் எதிரே வரும் பிக்கப் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார். அவருக்கு என் காரைத் தெரியும். ஆனால் அந்த மரியாதை அந்த வீட்டு மருமகளுக்கு. நாற்பது மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில் தனியாக இறங்கினால் நான் யாரோ. என்னைச் சங்கடப்படுத்திய சம்பவங்களில் முக்கால்வாசி பக்கத்து மாவட்டத்தில் நடந்தவை, அப்போது கணவர் என் கூட இல்லை.

எந்த வகை ஊர் என்பதையும் பாருங்கள். டெனிசன், ஸ்டார்ம் லேக், போஸ்ட்வில் போன்றவை இறைச்சி ஆலை ஊர்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மொழி கேட்கும். கிரின்னல், டெக்கோரா கல்லூரி ஊர்கள். வெறும் மக்காச்சோளமும் சோயாவும் உள்ள ஊர் என்றால் நீங்கள்தான் முதல் ஆளாக இருப்பீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் முதல் தேங்க்ஸ்கிவிங், நவம்பரில் குடும்பமெல்லாம் கூடி விருந்து சாப்பிடும் நாள். அந்த வருடம் மே மாதம்தான் போஸ்ட்வில் ஆலையில் குடியேற்றத் துறை சோதனை நடத்தி ஒரே நாளில் கிட்டத்தட்ட 400 பேரைக் கைது செய்திருந்தது. மேசையில் கணவரின் பெரியப்பா அந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இந்த ஆட்களெல்லாம்" என்று தொடங்கி, நான் திருப்பிச் சொல்ல விரும்பாத வார்த்தைகள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லலைம்மா, நீ எங்க ஆள்" என்று அன்பாகவே சொன்னார். மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. என் கணவர் விருந்துக்குச் செய்த பூசணிக்காய் இனிப்பை வெட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் இருபது நிமிடமும் நாங்கள் பேசவில்லை. பெரியப்பாவின் பேச்சு எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கத்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்ததே, அதுதான் வலித்தது.

அன்று இரவு அவரிடம் சொன்னேன்: உங்கள் வீட்டாரிடம் நான் சண்டை போட முடியாது. நான் பேசினால் "பார், எவ்வளவு கோபம்" என்பார்கள், நீங்கள் பேசினால் வீட்டுப் பிள்ளை பேசுகிறான் என்று கேட்பார்கள். அடுத்த வருடம் அதே பேச்சு வந்தது. "பெரியப்பா, இந்த மேசையில் இது வேண்டாம்" என்றார். ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. பெரியப்பா எழுந்து டிவி பார்க்கப் போனார். உறவு முறியவில்லை. அவர் மாறினாரா என்று கேட்டால், என் முன்னால் பேசுவதை நிறுத்தினார். எனக்கு அது போதும்.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. என் கல்யாணத்துக்குச் சம்மதித்த சித்தி, "வெள்ளைக்காரன்தானே, பரவாயில்லை. கறுப்பனாக இருந்தால்தான் ஊருக்குப் பதில் சொல்ல முடியாது" என்றார். வேறு சாதியில் கட்டிக்கொண்ட ஒரு ஜோடி என் சொந்த கிராமத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அயோவாக்காரர்களைக் குறை சொல்லும்போது அது என் நினைவில் இருக்கிறது.

பிள்ளைகள் பிறந்தால், நூலகத்தில் யாராவது "இவர்களை எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்பார்கள், ஆயா என்று நினைத்து. "பிறந்ததிலிருந்து" என்று நான் சொல்வேன். பிள்ளைகள் எதிரில் குரல் நடுங்காமல் இருந்தால் போதும்.

நடைமுறைக்கு வருகிறேன். ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அன்றைக்கு எல்லா ஊரும் அழகாக இருக்கும். பிப்ரவரியில் ஒரு வார நாளில் போங்கள். கணவரை மாமனாரோடு விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மருந்துக் கடை, நூலகம், தபால் நிலையம் என்று ஒரு சுற்று வாருங்கள். முதல் வருடம் வாடகை வீடுதான். இனத்தைக் காரணம் காட்டி வாடகைக்குத் தர மறுப்பது 1968-ன் வீட்டுவசதிச் சட்டத்துக்கு விரோதம், ஒரு வருடத்துக்குள் மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

கணவர் மூலம் கிரீன் கார்டு வாங்கியிருந்தால், உங்களிடம் இப்போது இரண்டு வருட நிபந்தனை கார்டுதான் இருக்கும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் தெரிவியுங்கள். கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனை நீக்க விண்ணப்பம் போக வேண்டும். மாமனார் மருத்துவமனை அலைச்சலில் அது தவறிவிடக் கூடாது. கார்டைக் கையிலேயே வைத்திருங்கள், பதினெட்டு வயதுக்கு மேல் அது சட்டமும்கூட.

கடைசியாக, வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசும் முன் இன்று இரவு அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கள் அப்பாவின் நண்பர் ஒருவர் நம் மேசையில் இருந்துகொண்டு என்னைப் போன்றவர்களைப் பற்றித் தப்பாகப் பேசினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" "அப்படி யாரும் பேச மாட்டார்கள்" என்று சொன்னால் மறுபடியும் கேளுங்கள், "பேசினால்?" அவர் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். மீதியை அதை வைத்துப் பேசுவோம்.