"இப்ப எங்க வேலை?" என்று கேட்டால்...

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது, ஊர் ஈரோடு. ஐந்து வருடங்களுக்கு முன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே பங்குச் சந்தையில் டிரேடிங் செய்கிறேன். பெரும்பாலும் நிஃப்டி ஆப்ஷன்ஸ்; அதாவது நிஃப்டி என்ற சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதை வைத்து வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள். வீட்டுச் செலவு, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இதில்தான் நடக்கிறது. வரியும் ஒழுங்காகக் கட்டுகிறேன்.

பிரச்சினை விசேஷ வீடுகளில்தான். போன மாதம் கொழுந்தியாள் வளைகாப்புப் பந்தியில், பக்கத்து இலைப் பெரியவர் "மாப்ள, இப்ப எங்க வேலை?" என்றார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி முந்திக்கொண்டு, "கம்பெனி வேலைதாங்க, வீட்டுல இருந்தே பாக்கறாரு" என்றாள். எனக்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு முன் ஒரு கல்யாணத்தில் உண்மையைச் சொன்னபோது, ஒருவர் "அது சூதாட்டமாச்சே" என்றார்; இன்னொருவர் போனை நீட்டி "எந்த ஷேர் வாங்கலாம்?" என்றார். இப்போதெல்லாம் பத்திரிகை வந்தாலே பயமாக இருக்கிறது. என்னதான் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தொழிலில் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆப்ஷன்ஸில் வருவதை வருமான வரித் துறையே தொழில் வருமானமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பதைப் பெரியவரிடமும் தாராளமாகச் சொல்லலாம்.

"சூதாட்டம்" என்றவர் மேல் வருத்தம் வேண்டாம். ஆப்ஷன்ஸும் ஃபியூச்சர்ஸும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் ஆய்வு வெளியிட்டது. அவருக்குத் தெரிந்த யாரோ இதில் பணத்தை விட்டிருக்கலாம். அவரிடம் வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மனைவி சொன்ன பதில்தான். அவர் உங்களை மட்டம் தட்டியதாகத் தோன்றவில்லை. அடுத்த கேள்விக்குப் பதில் கையில் இல்லாததால் கதவைச் சாத்தியிருக்கிறார். மூலதனம் எவ்வளவு, போன வருடம் கையில் நின்றது எவ்வளவு, எந்த மாதம் அடி விழுந்தது என்று அவருக்குத் தெரியுமா? சந்தை இல்லாத ஒரு சனிக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து லாப நஷ்டக் கணக்கைத் திறந்து காட்டுங்கள், நஷ்ட மாதங்களையும் சேர்த்து. வெளியில் என்ன சொல்வது என்பதை அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

"சொந்தப் பணத்தில் பங்குச் சந்தையில் வியாபாரம் பண்றேங்க. காலையில ஒன்பதேகால்ல இருந்து மூன்றரை வரைக்கும் மார்க்கெட்" என்றால் போதும். "எவ்வளவு வரும்?" என்றால், "ஏற்ற இறக்கம் இருக்குங்க, குடும்பம் நடக்குது." உங்கள் ஊர் மஞ்சள் மண்டி வியாபாரியும் அன்றைய லாபத்தைப் பந்தியில் சொல்வதில்லை. டிப்ஸ் கேட்டால் கறாராக மறுத்துவிடுங்கள். "எம் பணத்தையும் சேத்துப் போடு" என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பணம் குறைந்தால் உறவும் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மனைவிக்குத் தெரியாத கடனோ நஷ்டமோ இருக்கிறதா, அதை மீட்கத்தான் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பந்திக் கேள்வியைத் தள்ளிவையுங்கள். டிரேடிங்கை நிறுத்திவிட்டு முதலில் அவரிடம் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள்; கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.