வழியில் கொள்ளை போனால் பாபிலோனிய வணிகர் யாரிடம் போவார்?

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பாபிலோன் அரசன் ஹம்முராபி கால நாடகம் ஒன்று எழுதுகிறேன். லார்சா நகர வணிகர் ஒருவர் சிப்பார் நகருக்குப் போகும் வழியில் கொள்ளையர்களிடம் எல்லாவற்றையும் பறிகொடுக்கிறார். அடுத்த காட்சியில் அரசன் காலில் விழுந்து முறையிடுகிறார். இது பொருந்துமா?

பதில்: அரசன் காட்சியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கொள்ளை எந்த ஊர் எல்லையில் நடந்ததோ, அந்த ஊருக்குத்தான் உங்கள் வணிகர் முதலில் போக வேண்டும்.

ஹம்முராபி சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. திருடன் சிக்கவில்லை என்றால், பறிகொடுத்தவர் என்னென்ன போயிற்று என்று கடவுள் முன்னால் சொல்ல வேண்டும். அதை அந்த ஊரும் ஊர்த்தலைவரும் ஈடுகட்ட வேண்டும். உயிரே போயிருந்தால் குடும்பத்துக்கு ஒரு மினா, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி. (பிரிவு எண்கள் பிற்கால அறிஞர்கள் போட்டவை, பாத்திரங்கள் வாயில் வைத்துவிடாதீர்கள்.) முன்பின் தெரியாத வெளியூர்க்காரருக்கு ஊரே பணம் எடுத்து வைக்க வேண்டும்! அந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கடவுள் முன்னால் சொல்லும் இடத்தில் ஷமாஷைக் கொண்டுவரலாம். அவர் சூரியன், நீதிக்கும் அவரே தெய்வம். லார்சாவிலும் சிப்பாரிலும் அவருக்குப் பெரிய கோயில்கள் உண்டு, இரண்டுக்குமே எபப்பார் என்றுதான் பெயர். ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

சிப்பாருக்கு வந்து சேர்ந்த பிறகு அவர் காரும் பக்கம் போவார். காரும் என்றால் படகுத்துறை. அங்கே தொழில் செய்த வணிகர் சபைக்கும் அதே பெயர். வழக்குகளையும் அது விசாரித்தது. அப்புறம், காசுப் பையைக் காட்டாதீர்கள். அப்போது நாணயமே கிடையாது. வெள்ளியைத் தராசில் நிறுத்துத்தான் கொடுத்தார்கள்.

காலத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமான கணக்குப்படி கி.மு. 1763-இல்தான் ஹம்முராபி லார்சாவைப் பிடித்தார். அதற்கு முன் அங்கே ரிம்-சின் ஆட்சி. சிப்பாரோ ஹம்முராபியின் கையில். கதை அப்போது நடந்தால் உங்கள் வணிகர் வேறு நாட்டுக்காரராகிவிடுவார். அந்த ஆண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது எளிது.

சரி, அரசனே வேண்டாமா? வேண்டும், கடிதமாக. லார்சாவில் இருந்த அதிகாரி சின்-இத்தினாமுக்கு ஹம்முராபி எழுதிய களிமண் கடிதங்கள் பல கிடைத்திருக்கின்றன. தனி மனிதர்களின் முறையீடுகளை விசாரிக்கச் சொல்லும் உத்தரவுகளும் அவற்றில் உண்டு. ஆகவே உங்கள் வணிகரின் முறையீட்டுக்குப் பதிலாக உள்ளங்கை அளவு களிமண் பலகை ஒன்று வரட்டும். அதை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அக்காலக் கடிதங்கள் தொடங்குவது போலவே அதுவும் தொடங்கட்டும்: "சின்-இத்தினாமுக்குச் சொல்: ஹம்முராபி இவ்வாறு கூறுகிறார்."