கனடா ஸ்பொன்சர் இழுபடுகிறது, சென்னை போய் வரலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவர் ஸ்காபரோவில் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) உடன் இருக்கிறார். என்னை ஸ்பொன்சர் செய்து 14 மாதமாகிறது. கைரேகை, மெடிக்கல் எல்லாம் முடிந்து, அப்புறம் ஒரு பதிலும் இல்லை. அடுத்த மாதம் சென்னையில் சித்தியின் மகளுக்குக் கலியாணம். இந்த நேரத்தில் வெளிநாடு போனால் பைல் குழம்பிவிடும் என்று வீட்டில் மறிக்கிறார்கள். போகலாமா?"

தாராளமாகப் போய் வாருங்கள். நீங்கள் கனடாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பித்தவர். முடிவு வரும்வரை இலங்கையிலேயே இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பயணத்தால் குழம்பிய பைலை விட, வந்த கடிதம் கண்ணில் படாமல் குழம்பிய பைல்தான் அதிகம்.

யாழ்ப்பாணத்தில் பலருக்குப் படிவம் நிரப்பியது ஏதோ ஒரு ஏஜென்சி, அல்லது விஷயம் தெரிந்த ஒரு அண்ணை. மின்னஞ்சல் திறந்ததும் அவர்தான், கடவுச்சொல்லும் அவரிடம்தான். கனடாக் குடிவரவுத் திணைக்களம் மெடிக்கலோ கடவுச்சீட்டோ கேட்டு எழுதினால் கடிதத்திலேயே கெடுவும் இருக்கும், பெரும்பாலும் 30 நாள். அந்த 30 நாளும் ஏஜென்சியின் இன்பொக்ஸில் கரைந்துபோக விடாதீர்கள். ரிக்கெற் போடுமுன் கடவுச்சொல்லை வாங்கி, உங்கள் போனில் திறந்து, ஸ்பாம் பகுதியையும் பாருங்கள். அவர் பைலில் பிரதிநிதியாகப் பதிவாகியிருந்தால் கடிதங்கள் அவருக்கே போகும். அவரை நீக்க ஐ.எம்.எம். 5476 என்ற படிவம் இருக்கிறது.

அடுத்தது தேதிகள். மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும். உங்களுடையதன் காலம் முடிந்திருந்தால் திரும்பச் செய்யச் சொல்லி எழுதுவார்கள். எழுதாமல் நீங்களாகப் போய்க் காசைக் கொட்ட வேண்டாம். சென்னையில் நிற்கும்போது கடிதம் வந்தால், அங்கே கனடா அங்கீகரித்த டொக்டரிடமே செய்யலாம். கடவுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். விண்ணப்பம் சரிவந்தபின் தரும் பி.ஆர். ஆவணத்தின் காலம் மெடிக்கல், கடவுச்சீட்டு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு முடியும், பொதுவாக நீட்டித்துத் தரமாட்டார்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க இப்போது கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் யாழ் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) கடவுச்சீட்டு அலுவலகம் இருக்கிறது. ஆனால் புதிய கடவுச்சீட்டு இலக்கத்தை உடனே கனடாவுக்கு அறிவித்துவிடுங்கள்.

பலாலியில் இருந்து விமானம், காங்கேசன்துறையில் இருந்து கப்பல் என்று வழி சுலபமாகிவிட்டதால், கலியாணத்துக்குப் போகிறவர்கள் சென்னையிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். ஒரே நாட்டில் தொடர்ந்து 6 மாதம் இருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். அதற்குள் திரும்பிவிடுங்கள்.

உங்கள் பயணத்தை விட எனக்குக் கவலை உங்கள் கணவரின் பயணம். பி.ஆர். மட்டும் உள்ளவர் ஸ்பொன்சர் செய்தால் அவர் கனடாவில் வசிக்க வேண்டும். சில வாரம் லீவில் ஊருக்கு வந்து போவதில் பிழையில்லை. தாமதம் தாங்காமல் வேலையை விட்டு இங்கே வந்து மாதக்கணக்கில் இருந்தால் விண்ணப்பமே அடிபடலாம். பாசத்தில் செய்கிற காரியம்தான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவர் அங்கிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் சம்மதக் கையெழுத்தோடு 5 டொலர் கட்டி, பைலில் அதிகாரிகள் எழுதிய ஜி.சி.எம்.எஸ். குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். எந்தச் சோதனை முடிந்தது, எது நிலுவையில் கிடக்கிறது என்று அதில் தெரியும். கனடாவில் அவருடைய தொகுதி எம்.பி. அலுவலகமும் விசாரித்துச் சொல்லும். ஆனால் எம்.பி. பிடித்து விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இடையில் குழந்தை கிடைத்தால் மறைக்காமல் உடனே அறிவியுங்கள். அறிவிக்காத பிள்ளையைப் பிறகு ஸ்பொன்சர் செய்வது மிகக் கடினம்.

சரி, புறப்படுமுன் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள்: விண்ணப்ப இலக்கம், யூ.சி.ஐ. இலக்கம் (திணைக்களம் உங்களுக்குத் தந்த அடையாள இலக்கம்), இன்ன தேதியில் இருந்து இன்ன தேதி வரை சென்னையில் இருப்பேன், இந்த மின்னஞ்சலில் தொடர்புகொள்ளுங்கள். கூடவே ஏன் தாமதம், என் குடும்பம், என் கஷ்டம் என்று நீட்ட வேண்டாம். அனுப்பியதும் வரும் உறுதிப்படுத்தலை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள். ரிக்கெற்றைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். கடவுச்சீட்டைக் கேட்டு கடிதம் வந்தால் முன்கூட்டியே திரும்பலாம். முடியாவிட்டால் கெடு முடிவதற்குள் காரணத்தை எழுதி அவகாசம் கேளுங்கள்.