குழாயைக் கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் எங்கள் வீடு 1926-இல் கட்டியது, பாய்லரிலிருந்து வரும் நீராவியால் சூடாகும் ரேடியேட்டர். பழைய பாய்லர் ஓட்டை விழுந்ததால் 9,500 டாலருக்குப் பேசிப் புதியது வைத்தோம். 6,500 கொடுத்தாயிற்று. குளிர் தொடங்கியதும் குழாய்கள் சுத்தியலால் அடித்தாற்போல இடிக்கின்றன, ரேடியேட்டர் காற்றுத் திறப்பு தண்ணீர் துப்புகிறது. கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை, எடுத்தால் என் மாமியாரிடம் கத்துகிறார். "உங்கள் குழாய்தான் பழசு, இன்ஸ்பெக்டரே பாஸ் பண்ணிவிட்டார்" என்கிறார். வேறொரு பிளம்பர் அடுத்த வாரம் எல்லாவற்றையும் பிரித்து மாற்றித் தருவதாகச் சொல்கிறார். வழக்குப் போட்டால் மூன்று மடங்கு கிடைக்குமாமே?

பதில்: அடுத்த வாரம் வரும் பிளம்பரை முதலில் நிறுத்துங்கள்.

மாமியாரிடம் கத்தியது, போனை எடுக்காதது இதெல்லாம் வருத்தம்தான், ஆனால் நீதிமன்றத்தில் ஒரு டாலர் பெறாது. உங்கள் வழக்கு நிற்பது ஒரே ஒரு தாளின் மேல். பாய்லருடன் வந்த கையேட்டில் உள்ள குழாய்ப் படம் அது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஹெடர் குழாய், அதாவது பாய்லரிலிருந்து எழும் நீராவியை வாங்கி வீட்டுக் குழாய்களுக்கு அனுப்பும் குறுக்குக் குழாய், பாய்லரின் நீர்மட்டத்துக்கு 24 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. உங்கள் போட்டோவில் டேப் 14 அங்குலத்தில் நிற்கிறது. ஹெடரும் செம்பு, கையேடு கேட்பதோ இரும்பு. உயரம் குறைந்தால் நீராவியோடு தண்ணீரும் ஏறிப் போகும், அதுதான் குழாயில் இடிக்கிறது. உற்பத்தியாளர் சொன்னபடி பொருத்தவில்லை என்ற இந்த ஒன்றைத்தான் நிரூபிக்க வேண்டும்.

"ஹார்ட்ஃபோர்டு லூப் போட்டிருக்கிறேனே" என்று அவர் வாதிடுவார். போட்டிருக்கிறார், சரி. ரேடியேட்டரில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்லருக்குக் கொண்டுவரும் திரும்பு குழாய் கசிந்தால், பாய்லர் வறண்டுவிடாமல் காக்கும் குழாய் வளைவுதான் அந்த லூப். நீராவியைத் தண்ணீரில்லாமல் அனுப்பும் வேலை அதற்குக் கிடையாது. இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணியதும், கையேட்டின்படி பொருத்தினாரா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இதே நிலைமை. குளிர் தாங்காமல் புதிய பிளம்பரை அழைத்தார்கள். அவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டார். வீடு அமைதியானது, பழைய குழாய் இரும்புக்கடைக்குப் போயிற்று. விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது இதுதான்: "நான் என்ன தவறாகப் பொருத்தினேன், காட்டுங்கள்." எங்கள் கையில் மங்கலான இரண்டு போட்டோ மட்டும். திருத்தித் தர எனக்கு வாய்ப்பே தரவில்லை என்றும் அந்தப் பழைய கான்ட்ராக்டர் சொன்னார். அது எடுபட்டது.

ஆகவே எதையும் கழற்றும் முன் நீராவி வேலை தெரிந்த, இந்தச் சண்டையில் சம்பந்தமில்லாத ஒருவரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். டேப்பை ஹெடர் மேல் வைத்து, பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியும் தெரிகிறமாதிரி படமெடுங்கள். பாய்லர் ஓடும்போது கண்ணாடிக்குள் தண்ணீர் குதிப்பதை வீடியோ எடுங்கள். தயாரிப்பிலும் பொருத்துவதிலும் ஒட்டி வந்து புதிய பாய்லரில் மிதக்கும் எண்ணெயைக் கான்ட்ராக்டர் வடித்து எடுத்தாரா என்றும் அறிக்கையில் வரட்டும், ஏனென்றால் எண்ணெய் இருந்தாலும் தண்ணீர் குதிக்கும், அவர் பழியை அங்கே தள்ளப் பார்ப்பார். பிறகு பதிவுத் தபாலில், இன்ன தேதிக்குள் கையேட்டின்படி திருத்தித் தர வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் தாராளமாக வேறு ஆளை வையுங்கள், ஆனால் அறுத்த துண்டுகள் உங்கள் பேஸ்மென்டிலேயே கிடக்கட்டும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: வாயு வாடை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ ஆதாரத்தைப் பற்றி யோசிக்காமல் வெளியே போங்கள்.

மூன்று மடங்கு பற்றி: இந்த மாநில நுகர்வோர் மோசடிச் சட்டம் மூன்று மடங்கு நஷ்டஈடும் வழக்கறிஞர் கட்டணமும் தருவது உண்மை. ஆனால் மோசமான வேலை எல்லாம் மோசடி ஆகிவிடாது. மூன்று மடங்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நல்ல சமரசத்தை உதறிவிட்டு, கடைசியில் அதைவிடக் குறைவாக வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பலம் கையில் இருக்கும் 3,000 டாலர் பாக்கிதான். ஹெடரை மட்டும் மாற்றியமைக்க வாங்கும் மதிப்பீடு அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வந்தால், பாக்கியைத் தர வேண்டியதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்காக வீட்டையே பிணையாக்கும் உரிமை, போட மாட்டேன் என்பது ஒன்று. கடைசி வேலை நாளிலிருந்து 60 நாளுக்குள் கவுண்டி அலுவலகத்தில் லீனுக்கு முதல் படியான நிலுவை அறிவிப்பைப் பதிவு செய்ய அவருக்கு வழி இருக்கிறது, அதனால் அந்த நாளை இன்றே எண்ணிப் பாருங்கள். பாய்லரின் உற்பத்தியாளர் வாரண்டி இந்தச் சமரசத்தால் பாதிக்கப்படாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அவர் சம்மதிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் என்னிடம் வாருங்கள், வரும்போது கையேட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.