படத்தில் கெட்ட வார்த்தை, பக்கத்தில் பிள்ளை: கேள்வி பதில்

சிங்கப்பூரில் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில வசனவரி (சப்டைட்டில்) எழுதுவது என் வேலை. வசைச்சொற்களோடுதான் பிழைப்பு. கேளுங்கள்.

ஈசூன் அம்மா: இந்தியாவில் யுஏ (பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம்) சான்றிதழ் வாங்கிய படம் இங்கே என்சி16. 13 வயது மகனை நானே கூட்டிப்போனால் விடுவார்களா அக்கா?

விட மாட்டார்கள். இங்கே ஜி, பிஜி, பிஜி13 ஆகிய மூன்று தரங்களும் அறிவுரைதான். என்சி16இலிருந்து (16 வயது ஆகாதவர்களுக்கு இல்லை) வயதுத் தடை, பெற்றோர் கூட வந்தாலும் தடைதான். இந்தியச் சான்றிதழ் இங்கே செல்லாது. டிக்கெட் எடுக்கும் முன், இங்கே படங்களுக்குத் தரம் கொடுக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் தளத்தில் படத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் ராஜா: வசவைத் தானாக மியூட் செய்யும் செயலி உண்டா?

அமெரிக்காவில் உண்டு. வீட்டில் பார்க்கும் படத்தில் காட்சியைத் தாண்டவும் ஒலியை அடக்கவும் 2005இலேயே அங்கே சட்டம் அனுமதித்தது. ஆனாலும் இப்படி வடிகட்டிய படங்களைத் தந்த விட்ஏஞ்சல் என்ற நிறுவனம் டிஸ்னி, வார்னர் படக் கம்பெனிகளோடு வழக்கில் மாட்டியது. 2019இல் 6 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு என்று ஜூரி சொன்னது.

தமிழுக்கு இவற்றை நம்ப வேண்டாம். வசனவரியைப் படித்து மியூட் செய்யும் செயலி என்றால், அது படிப்பது நான் எழுதியதை. நடிகர் எதிராளியின் அம்மாவை இழுத்துத் திட்டுவார், நான் கீழே 'இடியட்' என்று போட்டிருப்பேன். செயலி சும்மா இருக்கும், பிள்ளை முழுசாகக் கேட்கும்.

புங்கோல் அப்பா: தியேட்டரில் மியூட் செய்த படம்தானே, ஓடிடியில் பயமில்லையே?

இருக்கிறது. இந்தியத் தணிக்கை வாரியத்தின் கை ஓடிடிக்கு நீளாது. மியூட் ஆன சொல் சில சமயம் அங்கே திரும்பி வந்துவிடும். சிறுவர் புரொஃபைல் போடுங்கள், உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் வையுங்கள்.

தேக்கா மாமா: எங்கள் காலத்துப் படங்கள் சுத்தம். இப்போதுதான் வாயைத் திறந்தால் சாக்கடை.

மாமா, கவுண்டமணி செந்திலைத் திட்டியதெல்லாம் மறந்துவிட்டதா? நிறம், உடம்பு, முகம் எதையும் விட்டதில்லை. நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். நான் கேட்டவரை அதில் ஒரு சொல்கூட மியூட் ஆகவில்லை.

தேக்கா மாமா: காமெடியைப் போய் இதோடு சேர்க்கலாமாம்மா?

பிடோக் தேவி: சேர்க்கலாம் மாமா. என் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஒரு பையன் படக் காமெடி வசனம் சொல்லித்தான் கறுப்பி என்று கூப்பிட்டான்.

தேவி சொல்வதுதான் என் கவலையும். தெருச்சண்டை வசவைப் பிள்ளை வீட்டில் சொன்னால் அடி விழும் என்று அதற்கே தெரியும். நிறத்தைக் கேலி செய்யும் வசனத்தை நம் முன்னாலேயே சொல்லும், நாமும் சிரிப்போம். இப்போது வசவுக்குப் பழகிவிட்டோம், கேலிக்கு முகம் சுளிக்கிறோம். எனக்கு இது முன்னேற்றம்தான். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேக்கா மாமா: மாட்டேன்.

சரி.

செங்காங் குமார்: அக்கா, யுஏ 13+ என்று போட்டிருக்கிறது, என் பையனுக்கு 14...

முதல் பதில், குமார். ஐஎம்டிஏ தளம்.

பூன் லே வாசகி: இந்தியச் சான்றிதழை வைத்து...

ஐஎம்டிஏ தளம்!